மாடி அறையா, மலை உச்சியா? ஒரு கல்யாண போட்டோகிராபரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: அக்கா, நான் சில வருஷங்களாகக் கல்யாண போட்டோகிராபி செய்கிறேன். எடிட்டிங், ஆல்பம் வேலை முழுக்க என் மனைவிதான். பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். மாடியில் 14க்கு 10 அடியில் மேற்குப் பார்த்த அறை ஒன்று இருக்கிறது. அதை ஸ்டுடியோ ஆக்க ஆசை. இன்னொரு பக்கம், இப்போது வருகிற ஜோடிகள் மலை உச்சி, அருவி, தண்ணீருக்கடியில் என்று கேட்கிறார்கள். அதற்கு ட்ரோன், தண்ணீருக்குள் எடுக்க கேமரா உறை எல்லாம் வேண்டும். கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும். மனைவிக்கு மலை, அருவி என்றாலே பயம். வீட்டு வேலையும் கல்யாண சீசனும் ஒன்றாக வந்து நிற்கின்றன. எதை முதலில் செய்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. எடிட்டிங்கும் ஆல்பமும் முழுக்க மனைவிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் புதுப்பித்த வீட்டில் அவர் எங்கே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்யப்போகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இப்போது ஹாலின் ஒரு மூலையில், ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்து செய்கிறார் என்று நினைக்கிறேன். நம் தொழிலில் இருப்பவர்கள் வீடு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. கல்யாணத்தில் நாம் நிற்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதே படங்களோடு எடிட் செய்கிறவர் உட்கார்வது வாரக்கணக்கில். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: மாடி அறை அவருக்கு. கையில் இருக்கும் பணமும் முதலில் அதற்கு.

மலையும் அருவியும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அவற்றைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதுகிறேன். எது முதலில், எது அப்புறம் என்பதுதான் பேச்சு. மறுபடி எடுக்க முடியாததை எடுப்பதுதானே நம் வேலை? அதே கணக்கைப் பணத்துக்கும் போட்டுப் பாருங்கள். ட்ரோனை அடுத்த வருஷம் வாங்கலாம், தேவைப்படுகிற நாளில் வாடகைக்கும் எடுக்கலாம். பூசி முடித்த சுவருக்குள் புது வயர் போட வேண்டுமென்றால் சுவரை உடைக்கத்தான் வேண்டும். இன்னொருவர் வீட்டுக் கல்யாணம் இருந்த ஹார்டு டிஸ்க் போய்விட்டால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த நாள் திரும்ப வராது.

ஸ்டுடியோ ஆசைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 14க்கு 10 அடி அறையில் ஜோடியை முழு உருவத்தில் எடுக்க இடம் பத்தாது. ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் உள்ள கேமராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டால், ஆளுக்கும் உங்களுக்கும் நடுவே சுமார் 5 மீட்டர் வேண்டும். அதுவே பதினாறரை அடி. பின்னணித் துணியில் நிழல் விழாமல் இருக்க ஆள் அதிலிருந்து ஐந்தடியாவது தள்ளி நிற்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நீங்கள் நிற்கவும் இடம் வேண்டும். மொத்தம் 24 அடி ஆகிவிடுகிறது. 50 மில்லிமீட்டர் போட்டாலும் 17 அடிக்குக் குறையாது. 35 போட்டு நெருங்கிப் போனால் அறைக்குள் அடங்கும், ஆனால் முகமும் கைகால்களும் இழுபடும். உங்கள் அறையில் இடுப்பு வரை ஒருவரை எடுக்கலாம், ஆல்பத்தையும் மோதிரத்தையும் எடுக்கலாம், அவ்வளவுதான். அதற்காக ஒரு அறையையே ஒதுக்க வேண்டாம்.

எடிட்டிங் அறைக்கு அதே 14க்கு 10 தாராளம். மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான் தொந்தரவு. சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் மஞ்சள் வெளிச்சம் உள்ளே வரும். நம் கண் அந்த மஞ்சளுக்குப் பழகிவிடும். பழகின கண்ணுக்குத் திரையில் இருக்கிற சரியான வெள்ளைகூட நீலமாகத் தெரியும். உடனே கை தானாகப் படத்துக்கு மஞ்சள் கூட்டும். ஆல்பம் அச்சாகி வந்ததும் பெண்ணின் முகம் மஞ்சள் பூத்துக் கிடக்கும், எல்லோரும் அச்சகத்தைக் குறை சொல்வார்கள். ஆகவே அந்த ஜன்னலுக்கு வெளிச்சத்தை முழுசாக மறைக்கிற திரை போடுங்கள். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, மானிட்டருக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது.

சுவருக்கு நிறம் சேராத வெளிர் சாம்பல் அடியுங்கள், பளபளப்பு இல்லாத மேட் பெயின்ட். பெயின்ட் கடையில் சாம்பல் என்று கேட்டால் நீலச் சாயல், பச்சைச் சாயல் உள்ளதெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு வெள்ளைத் தாளையும் போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டையையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சாயல் பளிச்சென்று தெரிந்துவிடும். வீட்டில் மற்ற அறைகளுக்குப் பிடித்த நிறமெல்லாம் அடித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு அறையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மானிட்டரை அளவிடும் கருவியால் சரிசெய்து, வெண்மையை 6500 கெல்வினிலும் வெளிச்சத்தை சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலாவுக்குள்ளும் வையுங்கள். கடையிலிருந்து வருகிற மானிட்டர்கள் இதைவிட மிகப் பளிச்சென்று இருக்கும். திரையில் அழகாகத் தெரிந்த படம் ஆல்பத்தில் இருட்டடித்து வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அச்சான தாளைப் பார்க்க மட்டும் தனியாக 5000 கெல்வின் விளக்கு ஒன்று போடுங்கள். நிறங்களைச் சரியாகக் காட்டும் திறன் 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண மலிவு எல்இடியில் சிவப்பு சரியாகத் தெரியாது. சிவப்பு தெரியாத விளக்கின் கீழ் தோல் நிறத்தைச் சரிபார்க்கவே முடியாது.

இனி சுவருக்குள் போகிற விஷயம். நீங்கள் தலையிட வேண்டிய நேரம் இதுதான், பூச்சு வேலை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. எடிட்டிங் மேசைக்கு ஒரு தனி லைன், ஏசிக்கு இன்னொரு தனி லைன் என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து நிதானமாக அணைக்கப் பத்து நிமிஷம் தாங்குகிற யுபிஎஸ் போதும். நெட்வொர்க் கேபிளும் போட்டுவிடுங்கள். ஏன் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்கிற மூலப் படம், சுமார் 30 எம்பி என்று வையுங்கள். ஒரு கல்யாணத்தில் 3,000 படம் என்றால் 90 ஜிபி. சாதாரண ஜிகாபிட் கேபிளில் இது கால் மணி நேரத்துக்குள் அடுத்த அறையில் இருக்கும் டிஸ்க்குக்குப் போய்விடும். வைஃபையில் பெரும்பாலும் இதைவிட அதிக நேரம் ஆகும், நடுவில் அறுந்தும் போகலாம். வீடியோவும் எடுக்கிறீர்கள் என்றால் 100 மெகாபிட்டில் பதிவாகிற 4கே படத்துக்கு மணிக்கு 45 ஜிபி சேரும். கூடவே காலிக் குழாய் இரண்டு சுவருக்குள் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு எந்தக் கேபிள் வந்தாலும் அதில் இழுத்துக்கொள்ளலாம்.

பூச்சுக்கு முந்தின நாள் நீங்களே கேமராவை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் ஒரு சுற்று வாருங்கள். இதை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. சுவரில் வெட்டிய பள்ளம், உள்ளே ஓடுகிற தண்ணீர்க் குழாய், வயர்க் குழாய் எல்லாம் அப்போது வெளியே தெரியும். ஒரு அளவு டேப்பைத் தரையிலிருந்து நேராக மேலே நிறுத்துங்கள், இன்னொன்றைச் சுவர் மூலையிலிருந்து குறுக்கே பிடியுங்கள். சுவரிலேயே சாக்பீஸால் அறையின் பெயரையும் எந்தத் திசைச் சுவர் என்பதையும் எழுதுங்கள். கேமரா சாயாமல் சுவருக்கு நேர் எதிரே நின்று, டேப்பில் உள்ள எண் படிக்கிற மாதிரி எடுங்கள். பத்து வருஷம் கழித்து அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படம் சொல்லும். பிளம்பர் வந்து குத்துமதிப்பாக இடிக்க வேண்டியிருக்காது.

வீட்டு வேலை முடிகிற வரைக்கும் கேமரா எதையும் அந்த வீட்டில் வைக்காதீர்கள். பட்டி தேய்க்கும்போது எழுகிற தூசு மாவைவிட மெல்லியது. ஜூம் லென்ஸை நீட்டும்போது அது காற்றை உள்ளே இழுக்கும், தூசும் கூடவே போகும். புதுப் பூச்சிலிருந்து வாரக்கணக்கில் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், அது கண்ணாடியின் மேல் பூச்சையே அரித்துவிடும். ஈரம் உறிஞ்சும் அலமாரி ஒன்று வாங்கி 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் போதும். லென்ஸ்களைப் பையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

படங்களின் பிரதிகளுக்கு 3-2-1 என்று ஒரு முறை உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. வேலை நடக்கிற வீட்டில் யார் யாரோ வந்து போவார்கள், தண்ணீர் திறந்திருக்கும், கரண்ட்டை நினைத்த நேரத்தில் போட்டு அணைப்பார்கள். வெளியே இருக்க வேண்டிய அந்தப் பிரதி உங்களுக்கு மிகவும் தேவைப்படுகிற காலம் இதுதான். இரண்டு பிரதி வேறு வேறு டிஸ்க்கில் ஏறி, திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.

சீசனும் வீட்டு வேலையும் ஒன்றாக வருவது பற்றி நீண்ட ஆலோசனை எதுவும் இல்லை. சீசன் நடக்கும்போது இடிக்கிற வேலை, தரை வேலை, பெயின்ட் மூன்றும் வேண்டாம், மரவேலை மாதிரி வெளியே செய்து கொண்டுவந்து பொருத்துகிற வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கு முடிவு சொல்கிற ஆள் ஒருவராக இருக்கட்டும். கல்யாண நாளன்று அது நீங்களாக இருக்கக் கூடாது.

சரி, இப்போது மலைக்கும் அருவிக்கும் வருவோம்.

2012ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கல்யாணமான புதிதில் ஒரு பெண், தன் கல்யாண உடையோடு அருவிக்குப் பக்கத்தில் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார். உடை நனைந்து கனத்து அவரை இழுத்துவிட்டது. போட்டோகிராபர் காப்பாற்றப் போராடியும் முடியவில்லை. 2020 நவம்பரில் கர்நாடகத்தின் தலக்காடு அருகே காவிரியில், கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டுக்குப் போன ஜோடி பரிசல் கவிழ்ந்து இருவருமே இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் மனைவியின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் செய்தி படிக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு நீங்கள் தர வேண்டியது சமாதானப் பேச்சு இல்லை, திட்டம்.

ஓடுகிற தண்ணீர் எப்படி ஏமாற்றும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் வெறும் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும். இதில் பல அடுக்கு உடையைப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றால், அந்தத் துணி தண்ணீருக்குள் கப்பல் பாய் மாதிரி விரிந்து அவரை இழுக்கும், காலிலும் சுற்றிக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவருக்கும் அந்த உடைக்குள் காலை அடிக்க முடியாது. மேலே எங்கோ பெய்கிற மழைக்கு இங்கே அருவியில் திடீரென்று தண்ணீர் கூடும், நம் தலைக்கு மேல் வானம் வெறுமையாகவே இருக்கும்.

அதனால் ஓடும் தண்ணீரில் நீளமான உடையோடு யாரையும் இறக்காதீர்கள். அப்படியானால் அருவிப் படத்தை எப்படி எடுப்பது? லென்ஸ் அதற்குத்தான் இருக்கிறது. 70-200 லென்ஸை 200ல் வைத்து நன்றாகப் பின்னால் போய் நில்லுங்கள். ஜோடியை அருவியிலிருந்து தள்ளி, காய்ந்த பாறையில், கால் நன்றாகப் பதிகிற இடத்தில் நிறுத்துங்கள். தூரத்திலிருந்து எடுக்கும்போது பின்னால் இருக்கிற அருவி பெரிதாகி அவர்கள் தோளுக்கு நெருங்கி வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அருவியின் அடியிலேயே நிற்பது போல இருக்கும். ட்ரைபாடில் வைத்து, வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர் போட்டு, கால் விநாடி ஷட்டரில் எடுத்தால் தண்ணீர் பட்டு போல வரும். அந்தக் கால் விநாடி அவர்கள் அசையாமல் நின்றால் போதும். ஒருவர் நெற்றியோடு ஒருவர் நெற்றியைச் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தானாக அசைவு நின்றுவிடும்.

மலை விளிம்புக்கும் இதே வழி உண்டு. விளிம்பிலிருந்து சில அடி உள்ளே தட்டையான பாறையில் அவர்களை நிறுத்திவிட்டு, நீங்கள் பக்கவாட்டில் பாதுகாப்பான இடத்தில் கேமராவைத் தரையோடு தாழ்த்துங்கள். அவர்களுக்கு முன்னால் இருக்கிற தரை மறைந்து, காலடியில் பள்ளத்தாக்கு தொடங்குவது போல வரும். இந்தப் படங்களைப் பார்த்து வியக்கிற யாருக்கும் எத்தனை அடி தள்ளி நின்றார்கள் என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நிஜமாகவே பாறை முகப்பில் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கதீட்ரல் லெட்ஜ் என்ற செங்குத்துப் பாறையின் நடுவே, ஒரு சின்னத் திட்டில் ஜோடிகளை நிறுத்தி ஜே ஃபில்பிரிக் எடுத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் அனுபவப்பட்ட மலையேற்றக்காரர். மணமக்களின் உடைக்குள் பாதுகாப்புப் பட்டையும் கயிறும் இருக்கும். 2017ல் ஒரு அமெரிக்க ஜோடி எவரெஸ்ட் அடிவார முகாமில், 5,300 மீட்டருக்கு மேல், கல்யாணம் செய்துகொண்டார்கள். படம் எடுத்தவர் சார்ல்டன் சர்ச்சில். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, வாரக்கணக்கில் நடந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இப்படிப் படம் எடுக்க ஆசை இருந்தால் முதலில் மலையேற்றம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சீசனை அதற்குக் கொடுங்கள். உபகரணம் வாங்குவதால் அந்தத் திறமை வந்துவிடாது. நம்மை நம்பி விளிம்புக்கு வருகிற ஜோடி, நமக்கு இது தெரியும் என்று நினைத்துத்தான் வருகிறது.

உயரமான இடத்துக்குப் போகும்போது சில விஷயங்கள். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் என்று உயர நோய் வரும், போய் இறங்கிய அன்றே ஷூட் வைக்காதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரிப் பேட்டரிகளைச் சட்டையின் உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கேமராவைக் கொண்டுவரும் முன், வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடிவிடுங்கள். ஈரம் கேமராவின் மேல் படியாமல் பையின் மேல் படியும். விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கையில் எடுத்துப்போகும் பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணிநேரத்துக்கு (Wh) மேற்பட்ட பெரிய பேட்டரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

தண்ணீருக்கடியில் எடுக்கும் உறையைத் தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள். பெரும்பாலும் ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் தனித்தனியாகச் செய்வது அது. நீங்கள் கேமராவை மாற்றினால் உறை வீணாகிவிடும். வாடகைக்கு எடுத்து, நீச்சல் குளத்தில், கால் எட்டுகிற ஆழத்தில் பழகுங்கள். தண்ணீருக்குள் முதல் சில மீட்டரிலேயே சிவப்பு நிறம் போய்விடும், ஆழத்துக்குப் போனால் சிவப்பு உடை பழுப்பாகத்தான் தெரியும். அதனால் குளத்து ஆழமே படத்துக்கும் நல்லது. மூச்சை அதிக நேரம் அடக்குவதற்காக யாரும் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு மூழ்கக் கூடாது, அப்படிச் செய்தால் எச்சரிக்கையே இல்லாமல் மயங்கிவிடுவார்கள். மீட்புப் பயிற்சி உள்ள ஒருவர் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள், லைட் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

ட்ரோன் விஷயம் சுருக்கமாக. பதிவு, அனுமதி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் 120 மீட்டர்தான் உச்ச உயரம். கூட்டத்துக்கு மேல் பறக்க விடாதீர்கள். வாடகை ட்ரோனோடு அதை ஓட்டத் தெரிந்தவரையும் கூட்டி வந்தால், உங்கள் கண் கேமராவிலேயே இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று சொல்ல வேண்டும். நம் வாழ்க்கையில் உண்மையான ஆபத்து மலையில் இருப்பதைவிட, கல்யாணம் முடிந்து நள்ளிரவில் காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிற அந்த ரோட்டில் அதிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். விடியற்காலை எழுந்து, நாள் முழுக்க நின்று, ராத்திரி கேமராவையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மங்கிவிடும். பல நாடுகளில் அந்த அளவு மதுவோடு வண்டி ஓட்டினாலே குற்றம். உங்கள் மனைவி இதற்கும் பயப்படுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதற்கான செலவை உங்கள் பேக்கேஜிலேயே சேர்த்துவிடுங்கள். எந்தக் குடும்பமும் அதற்கு மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை, காரணத்தைச் சொன்னால் போதும்.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நாம் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நடனத்தை எடுக்கிறோம். இசைக்கலைஞர்கள் போடுகிற காதடைப்பான் போட்டால் சத்தம் குறையும், பேச்சும் கேட்கும்.

அப்புறம், மனைவியை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று யோசிக்காதீர்கள். இடம் பார்க்கப் போகும்போது ஒருமுறை அவரையும் கூட்டிப் போங்கள். எங்கே நிற்பார்கள், கால் வழுக்கினால் எங்கே விழுவார்கள், போன் சிக்னல் இருக்கிறதா, பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள். பயப்படுகிறவர் கேட்கிற கேள்விகள் நமக்குத் தோன்றவே தோன்றாது. பதில் இல்லாத கேள்வி ஒன்று மிஞ்சினால் அந்த இடத்தில் ஷூட் வேண்டாம். ஷூட் நாளன்று போகிற வழி, கூட வருபவர்களின் எண்கள், திரும்புகிற நேரம் எல்லாம் எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸை மறக்காதீர்கள். வீட்டுக்கு எடுக்கிற பாலிசி பொதுவாகத் தொழில் உபகரணத்துக்குப் பொருந்தாது, கேமராவுக்குத் தனியாக எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அடிபட்டால் ஈடுகட்டுகிற பொறுப்புக் காப்பீடும் கூடவே எடுங்கள். சாகச ஷூட்டை அது விலக்கி வைத்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

கடைசியாக ஒப்பந்தம். மலை, தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்த ஷூட்டுக்கும் தனியாக ஒரு பக்கம் எழுதி, ஜோடி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். காற்று, மழை, வழுக்கல் எதைப் பார்த்தும் அங்கேயே நிறுத்தும் உரிமை உங்களுடையது, அதற்குக் காரணம் விளக்கி வாதாட வேண்டியதில்லை என்று அதில் இருக்க வேண்டும். நிறுத்தினால் அதே நாளில் போவதற்கு ஒரு மாற்று இடத்தின் பெயரும் இருக்க வேண்டும், அந்த இடத்தை நீங்கள் முன்பே போய், அதே நேரத்து வெளிச்சத்தில் பார்த்திருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே இந்தப் பக்கத்தை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிற ஜோடியின் அட்வான்ஸை வாங்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா